பழைய காரில் ஆயில் பிரஷர், வெப்பநிலை, வோல்ட் மீட்டர் பொருத்துவது எப்படி?

மாருதி 800இன் டாஷ்போர்டு எஞ்சினைப் பற்றி அதிகம் பேசாது. தண்ணீர்ச் சூட்டைக் காட்ட எண் இல்லாத ஒரு முள், ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு, பேட்டரி படம் போட்ட இன்னொரு விளக்கு. அவ்வளவுதான். அந்தக் காலத்து ஜென், ஆம்னி, ஜீப் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

அந்த ஆயில் விளக்கு எப்போது எரியும் என்று பலர் யோசிப்பதில்லை. பெரும்பாலான கார்களில் ஆயில் அழுத்தம் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே விழுந்தால்தான் எரியும். சூடான எஞ்சின் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும்போது இருக்க வேண்டிய அழுத்தமோ ஏறக்குறைய 3 பார். மூன்றிலிருந்து அரைக்கு இறங்குகிற நேரம் முழுக்க விளக்கு வாயே திறக்காது. பேட்டரி விளக்கும் அப்படித்தான். ஆல்டர்னேட்டர் அடியோடு நின்றால் எரியும்; அரைகுறையாகச் சார்ஜ் செய்தால் சும்மா இருந்துவிடும். கூடுதல் மீட்டர்கள் தேவைப்படுவது இந்த இடைவெளிக்காகத்தான்.

ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர், ஆனால் கார் வயரிங்கில் இதுவரை கை வைக்காதவர் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. உதாரணத்துக்கு மாருதி 800ஐ எடுத்துக்கொள்கிறேன். வேலையின் முறை மற்ற பழைய கார்களுக்கும் பொருந்தும்.

வாங்குவதற்கு முன்

முதலில், உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள். இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த காராக இருந்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் (எஞ்சின் கம்ப்யூட்டரின் தகவல்களைப் படிக்கும் இடம்) இருக்கும். அதில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகினால் கூலன்ட் வெப்பநிலையும் வோல்டேஜும் கைப்பேசியில் எண்ணாகவே தெரியும்; டர்போ வண்டிகளில் பெரும்பாலும் பூஸ்ட் அழுத்தமும் கிடைக்கும். ஒரு வயரைக்கூடத் தொட வேண்டியதில்லை. ஆயில் அழுத்தம் மட்டும் பெரும்பாலான கார்களில் இந்த வழியில் கிடைக்காது, ஏனென்றால் எஞ்சினில் இருப்பது அழுத்தத்தை அளக்கும் சென்சார் அல்ல, வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச். வாரண்டி முடியாத காரில் வயரை வெட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய கார் என்றால் மூன்று மீட்டர்கள் போதும்: ஆயில் பிரஷர், கூலன்ட் வெப்பநிலை, வோல்ட். அழகுக்காக அம்மீட்டரும் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பழைய ஜீப்புகளில் இருந்ததுதான். ஆனால் அந்த வகை அம்மீட்டரில் வண்டியின் மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் டாஷ்போர்டுக்குள் வந்து போக வேண்டும். ஒரு நட்டு தளர்ந்தால் அந்த இடம் சூடேறிப் புகையும். அதே செய்தியை வோல்ட் மீட்டர் இரண்டு மெல்லிய வயர்களில் ஆபத்தில்லாமல் சொல்லிவிடும். டர்போ டீசல் வைத்திருப்பவர்களுக்கு நான்காவதாக பூஸ்ட் மீட்டர் பயன்படும். வேக்குவம் மீட்டர் பெட்ரோல் காருக்கு நல்ல வாத்தியார். டீசலில் அதற்கு வேலை இல்லை.

மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கா என்பது அடுத்த கேள்வி. மெக்கானிக்கல் ஆயில் மீட்டரில் எஞ்சின் ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக டாஷ்போர்டு வரை வரும். துல்லியம் நன்றாக இருக்கும், மின்சாரமும் தேவையில்லை. ஆனால் குழாய் உராய்ந்து ஓட்டை விழுந்தால் சூடான ஆயில் உங்கள் காலில் கொட்டும். மெக்கானிக்கல் வெப்பநிலை மீட்டருடன் வரும் கேப்பிலரி குழாயை வெட்டிச் சுருக்கவோ ஒட்டவோ முடியாது. மடங்கி முறிந்தால் மீட்டரே போச்சு. புதிதாகத் தொடங்குகிறவர் எலக்ட்ரிக் வகையையே வாங்கட்டும்.

எலக்ட்ரிக் வகையில் ஒரு சட்டம் உண்டு: மீட்டரும் சென்சாரும் ஜோடியாகவே வாங்க வேண்டும். கடைக்காரர்கள் சென்சாரை 'யூனிட்' என்பார்கள். அது அழுத்தத்துக்கோ சூட்டுக்கோ ஏற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும். அந்தத் தடையைத்தான் மீட்டர் முள்ளாகக் காட்டுகிறது. விடிஓ (ஜெர்மன் மீட்டர் பிராண்ட்) முறை ஆயில் சென்சாரில் அழுத்தம் இல்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் ஏறக்குறைய 180 ஓம். அமெரிக்க முறையில் 240 ஓமில் தொடங்கி 33 ஓமுக்கு இறங்கும். ஒன்றின் மீட்டரை மற்றதன் சென்சாரோடு சேர்த்தால் முள் நகரத்தான் செய்யும், ஆனால் சொல்வதெல்லாம் பொய்யாக இருக்கும். மீட்டரே இல்லாமல் இருப்பதைவிட இது மோசம்.

அளவில் 52 மி.மீ. விட்டம்தான் உலகம் முழுக்கப் பரவலானது. அதற்கேற்ற வட்டக் கூடுகளும் எளிதாகக் கிடைக்கும். கோயம்புத்தூரின் பிரிக்கால் நிறுவனம் 1970களிலிருந்து வாகன மீட்டர்கள் செய்துவருகிறது. லாரி, டிராக்டர் உதிரிபாகக் கடைகளில் அந்த வகை மீட்டர்களை விசாரிக்கலாம். சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் வண்ண வண்ண விளக்குகளோடு மினுக்கும் செட்டுகளும் தொங்கும். ஏழு நிறத்தில் எரிவதைவிட ஒரு நிறத்தில் ஒழுங்காக எண் காட்டுவது மேல் என்பது என் கட்சி. முகப்பில் எண்கள் நெருக்கமில்லாமல் அச்சிட்டிருக்கிறதா, வயரிங் படத்தாள் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். படத்தாள் இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மரை: கடைக்குப் போகும் முன் அறிய வேண்டியது

இந்த வேலை பாதியில் நிற்பதற்கு வயரைவிட மரைதான் அதிகக் காரணம். சென்சார்கள் பெரும்பாலும் 1/8 என்பிடி என்ற அமெரிக்கக் குழாய் மரையில் வரும். ஜப்பானிய வழி வந்த எஞ்சின்களில் ஆயில் சுவிட்ச் உட்காரும் துளையோ பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி என்ற பிரிட்டிஷ் குழாய் மரை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் என்பிடியில் அங்குலத்துக்கு 27 புரி, கோணம் 60 டிகிரி. பிஎஸ்பிடியில் 28 புரி, 55 டிகிரி. ஒன்றை மற்றதில் திருகினால் முதல் இரண்டு சுற்று இலகுவாகப் போகும், பிறகு இறுகும். 'இன்னும் கொஞ்சம்' என்று அழுத்தினால் எஞ்சின் பிளாக்கின் மரை சேதமாகும். கையாலேயே மூன்று நான்கு சுற்று போகாத எதையும் ஸ்பானரால் போக வைக்காதீர்கள். ஐரோப்பிய எஞ்சின்களில் எம்10, எம்12, எம்14 மெட்ரிக் மரைகளும் வரும்.

வண்டியிலிருந்து கழற்றிய ஆயில் சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டு போவதே சிறந்த வழி. சரியான அடாப்டர் கிடைக்காவிட்டால், நல்ல லேத் பட்டறையில் பழைய சுவிட்சையும் புதிய சென்சாரையும் காட்டினால் பித்தளையில் கடைந்து கொடுத்துவிடுவார்கள்.

எங்கே வைப்பது

கண்ணைச் சாலையிலிருந்து அதிகம் இறக்காமல் பார்க்க முடிய வேண்டும். டாஷ்போர்டின் மேல், ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் சாய்ந்தவாறு மூன்றை வரிசையாக வைப்பது 800க்கு வசதி. ஏ-பில்லரில் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்) மாட்டும் கூடும் நன்றாக இருக்கும். ஏர்பேக் உள்ள காராக இருந்தால் பயணி பக்கத்து டாஷ்போர்டு மேல்பகுதி, திரை ஏர்பேக் இருந்தால் ஏ-பில்லர் இரண்டையும் மறந்துவிடுங்கள். ஏர்பேக் விரியும் வழியில் உட்கார்ந்திருக்கும் மீட்டர் முகத்தை நோக்கி வரும். மஞ்சள் நிற வயர், மஞ்சள் கனெக்டர் எதைப் பார்த்தாலும் தொட வேண்டாம், அது ஏர்பேக்கினுடையது.

இன்னொரு சின்ன விஷயம். மீட்டரைக் கூட்டுக்குள் திருப்பி, ஓட்டும்போது முள் வழக்கமாக நிற்கும் இடம் மேல்நோக்கி வருமாறு வைத்தால், எண்ணைப் படிக்காமலே ஓரக்கண்ணால் நிலைமை தெரியும். பந்தயக் கார்களில் நெடுங்காலமாகச் செய்வது இது. எண்கள் சாய்ந்து தெரிவது சிலருக்குப் பிடிக்காது, அது அவரவர் விருப்பம்.

தேவையான பொருட்கள்

சாதாரண ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் தவிர மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம். 1 ச.மி.மீ. ஆட்டோ வயர் மூன்று நான்கு நிறங்களில், கிரிம்பிங் பிளையர், வளையத் திம்பிள்கள், சுருங்கும் ஸ்லீவ், நெளிவுக் குழாய், கேபிள் டை, ரப்பர் கிரோமெட், இன்லைன் ஃப்யூஸ் ஹோல்டர், 3 ஆம்பியர் ஃப்யூஸ். டெஃப்லான் டேப் கொஞ்சம். கூலன்ட் ஒரு லிட்டர் கூடுதலாக இருக்கட்டும். வீட்டு வயரிங் கம்பியை எடுத்து ஒப்பேற்ற வேண்டாம். ஒற்றைக் கம்பி வண்டி அதிர்வில் உள்ளேயே முறியும், எங்கே முறிந்தது என்று தேடியே நாள் போய்விடும்.

வேலை தொடங்குகிறது: ஆயில் பக்கம்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

ஆயில் சுவிட்ச் எஞ்சின் பிளாக்கில், பெரும்பாலும் ஆயில் ஃபில்டருக்கு அருகில், ஒற்றை வயரோடு இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: இக்னிஷன் ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், அந்த வயரைக் கழற்றுங்கள். டாஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்தால் அதுதான். (இதைப் பேட்டரி கழற்றும் முன்பே பார்த்துவிடுங்கள்.)

பழைய சுவிட்சைத் தூக்கிப்போட்டு அந்த இடத்தில் புதிய சென்சாரைப் போடுவது எளிது. ஆனால் கம்பெனி விளக்கை இழக்காதீர்கள். மீட்டரைப் பார்க்க மறக்கும் நேரத்தில் கண்ணைக் குத்துவது அந்தச் சிவப்பு விளக்குதான். ஒரு டி-பீஸ் (T வடிவ மூன்று வாய் இணைப்பு) போட்டு ஒரு வாயில் பழைய சுவிட்சையும் இன்னொன்றில் புதிய சென்சாரையும் வைக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஆயில் பிரஷர் சென்சார் கனமான சாமான்; சின்ன டப்பா அளவு இருக்கும். அதை ஒரு பித்தளை டி-பீஸின் முனையில் எஞ்சின் மேலேயே தொங்கவிட்டால், இரவும் பகலும் அதிர்ந்து அதிர்ந்து பித்தளைக் கழுத்து ஒரு நாள் முறியும். முறிந்தால் ஆயில் பம்ப், இருக்கிற ஆயிலை எல்லாம் சில நிமிடங்களில் சாலையில் இறைத்துவிடும். எஞ்சினைக் காக்கப் போட்ட மீட்டரே எஞ்சினுக்கு எமனாகிவிடும். அதனால் பிளாக்கிலிருந்து ஓர் உலோகப் பின்னல் ஹோஸை எடுத்து, டி-பீஸ், சுவிட்ச், சென்சார் மூன்றையும் ஃபயர்வாலிலோ (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) உள் ஃபெண்டரிலோ கிளாம்ப் போட்டு நிறுத்துவதே சரியான முறை. ஹோஸ் ஆயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். எஞ்சின் ஆடும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் போக வேண்டாம். செலவு கொஞ்சம் கூடும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஹோஸ் முறையில் ஒரு கூடுதல் வேலை உண்டு. ஒற்றை முனை சென்சாரும் பழைய சுவிட்சும் தங்கள் உடல் வழியாகவே எர்த் (பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் இணைப்பு) எடுப்பவை. பிளாக்கில் நேரடியாகத் திருகும்போது அது தானாகக் கிடைக்கும். பாடிக்கு மாற்றியபின் டி-பீஸில் ஒரு கிளாம்ப் போட்டு, அதிலிருந்து தனி எர்த் வயரை எஞ்சின் பிளாக்குக்கு இழுங்கள். பழைய சுவிட்சின் வயரும் புதிய இடம் வரை நீள வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

டெஃப்லான் டேப் சுற்றும்போது நுனியில் ஒரு புரியை விட்டுவிட்டு, இறுக்கும் திசையிலேயே இரண்டு சுற்று மட்டும். பிளம்பர் சுற்றுவதுபோல் பத்துச் சுற்று சுற்றினால் எர்த் தடைபடும், பிய்ந்த துணுக்கு ஆயில் வழியை அடைக்கவும் செய்யும். என்பிடி, பிஎஸ்பிடி போன்ற டேப்பர் மரை (நுனியில் குறுகி, போகப்போக அகலும் மரை) அடிவரை போகாது, போகவும் கூடாது. கையால் இறுகியபின் ஸ்பானரில் ஒன்று, ஒன்றரைச் சுற்று போதும்.

தண்ணீர் பக்கம்

ஆயிலுக்குச் சொன்ன டி-பீஸ் வழி இங்கே செல்லாது. அழுத்தம் முட்டுச்சந்துக்குள்ளும் அதே அளவில்தான் இருக்கும். சூடு அப்படி அல்ல. டி-பீஸின் கிளையில் கூலன்ட் ஓடாது, தேங்கி நிற்கும். அங்கே உட்காரும் சென்சார் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். சென்சாரின் நுனி ஓடும் கூலன்ட்டுக்குள் நனைந்திருக்க வேண்டும்.

பல மாருதி எஞ்சின்களில் கம்பெனி வெப்பநிலை சென்சார் இன்டேக் மேனிஃபோல்டின் தண்ணீர் வழியில் இருக்கும். அருகில் பிளக் போட்டு மூடிய காலித் துளை இருந்தால் அதிர்ஷ்டம். அங்கேயே புதியதைப் போடுங்கள். இல்லாவிட்டால் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் அலுமினிய அடாப்டர். இருபுறமும் ஹோஸ் மாட்டிக்கொள்ள, நடுவில் சென்சாருக்கு மரை போட்ட குழாய்த்துண்டு அது. அளவுகள் பல உண்டு. ஹோஸின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து வாங்குங்கள்.

ஆறிய எஞ்சினில் மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். கூலன்ட்டைச் சுத்தமான வாளியில் பிடித்து மூடி வையுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், தெருநாய் குடித்தால் செத்துவிடும். மேல் ஹோஸில் நேராக இருக்கும் பகுதியில், ஃபேனிலிருந்து விலகிய இடத்தில், அடாப்டரின் நடுப்பகுதி அளவுக்கு மட்டும் வெட்டி எடுங்கள். அதிகம் வெட்டினால் ஹோஸ் இழுபடும், குறைத்து வெட்டினால் மடங்கும். ஸ்க்ரூ வகை ஹோஸ் கிளிப் இரண்டு போட்டு இறுக்குங்கள். சென்சார் பக்கவாட்டில் பார்க்கட்டும். உச்சியில் இருந்தால் காற்றுக்குமிழி வந்து அங்கே தங்கும்.

அடாப்டர் இரண்டு ரப்பர் ஹோஸ்களுக்கு நடுவில் அந்தரத்தில் நிற்கிறது என்பதை மறந்துவிடுவதுதான் இந்தப் பகுதியில் அதிகம் நடப்பது. அதற்கும் எர்த் கிடையாது. அடாப்டரில் உள்ள சிறு ஸ்க்ரூவிலிருந்தோ கிளிப்புக்கு அடியிலிருந்தோ எஞ்சினுக்கு ஒரு வயர் இழுத்தால்தான் முள் அசையும்.

மேல் ஹோஸில் சென்சார் வைப்பதன் குணம் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) திறக்கும்வரை அங்கே ஓட்டம் இல்லை. அதனால் காலையில் முள் சிறிது நேரம் படுத்தே கிடந்து, பிறகு சட்டென்று எழும். அது கோளாறு அல்ல.

கூலன்ட்டை மீண்டும் ஊற்றி, ஹீட்டர் உள்ள காரில் அதை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழிகள் வெளியேறி மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி அடங்கியதும் மூடிவிடலாம். (இதைப் பேட்டரி மாட்டியபின் செய்ய வேண்டும்.)

வயரிங்

மூன்று மீட்டருக்கும் சேர்த்து இழுக்கும் மின்சாரம் அற்பம். ரிலே தேவையில்லை. ஒவ்வொரு மீட்டருக்கும் பொதுவாக நான்கு இணைப்பு: இக்னிஷன் ஆன் ஆனதும் வரும் 12 வோல்ட், எர்த், விளக்கு, சென்சார். வோல்ட் மீட்டருக்குச் சென்சார் கிடையாது. வயரின் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படத்தாளை நம்புங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

12 வோல்ட்டை ஃப்யூஸ் பெட்டியிலிருந்து எடுங்கள். மல்டிமீட்டரை வைத்து, சாவி ஆஃபில் சுழியமும் ஆனில் 12 வோல்ட்டும் காட்டும் முனையைத் தேடுங்கள். ஸ்டார்ட் அடிக்கும் நேரத்திலும் அங்கே மின்சாரம் வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சில முனைகளில் அப்போது நின்றுவிடும், பேட்டரியின் உடல்நிலையைச் சொல்லும் அந்த நொடி உங்களுக்குத் தெரியாமல் போகும். 3 ஆம்பியர் ஃப்யூஸை மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு ஒட்டியே போடுங்கள். மீட்டருக்குப் பக்கத்தில் போட்டால், நடுவழியில் வயர் தோல் உரிந்து பாடியில் படும்போது ஃப்யூஸ் காப்பாற்றாது.

விளக்கு வயரைப் பார்க்கிங் விளக்கோடு எரியும் டாஷ்போர்டு விளக்கின் பாசிட்டிவ்வில் சேருங்கள். எர்த்துக்கு டாஷ்போர்டுக்கு அடியில் பாடியின் இரும்பில் பெயின்ட்டைச் சுரண்டி, வளையத் திம்பிளும் பல் வாஷரும் போட்டு இறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் செருகிய ஸ்க்ரூவில் எர்த் எடுக்கும் வினோதங்களும் நடப்பதுண்டு.

ஃபயர்வாலில் புதுத் துளை போடுவதைவிட, ஏற்கெனவே வயர்க்கட்டு போகும் பெரிய கிரோமெட்டின் ஓரத்தில் வழி பண்ணுவது மேல். துளை போட்டே ஆக வேண்டும் என்றால் மறுபுறம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போட்டு, விளிம்பில் பெயின்ட் தடவி, கிரோமெட் மாட்டுங்கள். எஞ்சின் பக்கத்து வயர் முழுவதும் நெளிவுக் குழாய்க்குள் போகட்டும். வயரை வயரோடு முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கம் நம் ஊரில் ஆழ வேரூன்றியது. எஞ்சின் சூட்டில் அந்தப் பசை இளகி டேப் பிரிந்துவிடும். கிரிம்ப் செய்து சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

எஞ்சினை ஓட்டும் முன் சோதனை

பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். வோல்ட் மீட்டர் 12 முதல் 12.6 வரை காட்ட வேண்டும். வெப்பநிலை சென்சாரின் வயரைக் கழற்றி எர்த்தில் தொட்டால் பெரும்பாலான மீட்டர்களில் முள் சூடான முனைக்கு ஓடும். வயர் அந்தரத்தில் இருந்தால் குளிர் முனையில் நிற்கும். விடிஓ முறை ஆயில் மீட்டரில் நேர்மாறாக, எர்த்தில் தொட்டால் சுழியம், அந்தரத்தில் முழு அழுத்தம். தொட்டதும் முள் ஓடினால் மீட்டரும் வயரும் சரி. அதற்குமேல் கோளாறு இருந்தால் அது சென்சாரிலோ எர்த்திலோதான்.

ஸ்டார்ட் செய்ததும் முதலில் மீட்டரைப் பார்க்காதீர்கள், மரைகளைப் பாருங்கள். டார்ச் அடித்து, துணியால் துடைத்து, மீண்டும் ஈரமாகிறதா என்று கவனியுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

ஹெட்லைட் போட்டதும் வெப்பநிலை முள் சற்று நகர்கிறதா? எஞ்சின் சூடாகவில்லை, எர்த் சரியில்லை. சென்சாரின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையே வோல்டேஜை அளந்து பாருங்கள். விளக்குகள் எரியும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைக் கழற்றித் துரு நீக்கி மாட்டுங்கள். பழைய கார்களில் இந்தப் பட்டையைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. மீட்டர் போடப் போய் அது சுத்தமானதால் ஸ்டார்ட்டிங்கும் நன்றான வண்டிகள் உண்டு.

முள் என்ன சொல்கிறது

ஆயில் அழுத்தம் காலையில் குளிர்ந்த எஞ்சினில் 4, 5 பார் வரை ஏறும்; ஆயில் கெட்டியாக இருப்பதால். சூடானபின் ஐட்லிங்கில் 1 பாரை ஒட்டி நிற்கலாம். 1,000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 0.7 பார், என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு; தோராயமாகப் பொருந்தும். சரியான எண் உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சில மீட்டர்களில் எண் பார், பிஎஸ்ஐ இரண்டிலும் இல்லாமல் கிலோ/ச.செ.மீ. என்று இருக்கும். அதைப் பார் என்றே எடுத்துக்கொள்ளலாம், வித்தியாசம் மிகக் குறைவு.

முள் நிற்கும் இடத்தைவிட அது மாதக்கணக்கில் நகரும் திசைதான் முக்கியம். ஆயில் மாற்றிய மறுநாள், எஞ்சின் நன்கு சூடானபின், ஐட்லிங்கிலும் அறுபது கிலோமீட்டர் வேகத்திலும் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து வண்டியிலேயே வையுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்திலும் அப்படியே. 20டபிள்யூ-40 ஊற்றிய வண்டிக்கு 5டபிள்யூ-30 மாற்றினால் எண் குறையும், பதற வேண்டாம். ஒரே ஆயிலில், ஒரே சூட்டில் எண் இறங்கிக்கொண்டே போனால் பேரிங் தேய்மானமோ, ஆயிலில் பெட்ரோல் கலப்போ, ரிலீஃப் வால்வு சிக்கலோ இருக்கலாம். எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் முன் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கொண்டையூசி வளைவில் மட்டும் முள் விழுந்து எழுந்தால், டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறைவு.

ஓடும்போது முள் சுழியத்துக்கு விழுந்தால் எஞ்சினை அந்த இடத்திலேயே அணையுங்கள். சென்சார் கெட்டதா என்று ஆராய்ச்சி செய்வது ஓரம்கட்டியபின்.

கூலன்ட் வெப்பநிலை சமவெளியில் 85 முதல் 95 டிகிரி வரை. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் ஏ.சி. போட்டு ஏறினால் நூறைத் தொடலாம். அழுத்த மூடியும் கூலன்ட் கலவையும் ஒழுங்காக இருக்கும்வரை நூறில் கொதிக்காது. 105ஐத் தாண்டினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரைத் திறந்து, இடம் பார்த்து ஓரம்கட்டுங்கள். 110 என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று இறங்கினால் மகிழ வேண்டாம். கூலன்ட் வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்பதே அதற்குப் பெரும்பாலும் பொருள். இந்த ஒரு நிலையில் மீட்டர் உண்மைக்கு நேரெதிராகச் சொல்லும்.

சமவெளியில் அறுபது டிகிரியைத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். அல்லது, அதிக வாய்ப்புள்ளது இதுதான், 'நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு' என்று முன்பு யாரோ கழற்றி எறிந்திருக்கலாம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். புதிய தெர்மோஸ்டாட் வாங்கிப் போடுங்கள். 82 அல்லது 88 டிகிரி என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும்.

வோல்ட் மீட்டருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. நின்ற வண்டியில் 12.6 என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. எல்லா விளக்கும் போட்ட நிலையில் 13க்குக் கீழே இறங்கினால் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கும். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் புதிய பேட்டரிக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். டாஷ்போர்டு மீட்டர் பேட்டரி முனையில் அளப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். மல்டிமீட்டரால் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை அதே தாளில் எழுதிவிடுங்கள்.

ஒரு வாரம் ஓடியபின் ஹோஸ் கிளிப்புகளையும் சென்சார் கிளாம்பையும் மறுபடி இறுக்குங்கள். புதிய ரப்பர் சூட்டில் அமுங்கிக் கிளிப் தளரும். வேறு மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது டி-பீஸ் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள், ஆயில் ஃபில்டர் கழற்றும்போது அதைப் பிடித்து இழுத்துவிடாமல் இருப்பார்.